ஆற்றுப்படையும் உணவுப்பட்டியலும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே அடிப்பொருள். நூலுக்குரிய வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தை எண்ணிய தொல்காப்பியர், புதியனவாகப் பாடப்படுவனவற்றை அப்பெயரால் குறித்தார். இல்லத்திற்குப் புதியராய் வருவோரும் அதுபற்றியே விருந்து எனப்பட்டனர். வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்கே ஒதுக்கினார். மோந்தால் வாடும் அனிச்சமலரினும் மெல்லியர் விருந்தினர். நம் முகம் சற்றே வேறுபட்டாலும் அவர் வாடிவிடுவர் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் தரும் கருத்து. இவையெல்லாம் நாம் மேடைதோறும் பேசுவன. ஆயின் இவை விருந்து படைப்போர்க்குக் கூறப்பட்டவை. உண்ணச் செல்வோன் உள்ளத்தில் எழும் அச்சம் யாது, அது நீங்குவது எங்ஙனம் என்னும் வினாவை நாம் மிகுதியாக எழுப்பியதில்லை.

அவ்வினாவை என்முன் வைத்தவர் நம் துறையின் முன்னாள் மாணவி ஒருவர். கல்லாவியை அடுத்த ஒரு சிற்றூரினர். தந்தையார் மாந்தோப்புக் குத்தகைதாரர். பட்டம் பெற்றபின் ஓசூர்ப் பகுதியில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணியேற்றார். ஓரிரவு தொலைபேசியில் அழைத்து, "ஐயா, பயிற்சி முடிஞ்சவங்களை எல்லாம் நாளைக்குப் பெங்களூருல பெரிய ஓட்டலுக்கு அழைச்சிட்டுப் போறாங்க. வயித்து வலின்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஏம்மா?" என்றேன்.

"அட்டையைக் கையிலே கொடுத்தா ஒண்ணும் புரியாது, ஐயா. என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

பல இலட்சம் ரூபாய் மதிப்புள்ள எந்திரத்தை இயக்கக் கற்றுக்கொண்ட பெண், நான்கு பக்க அட்டைக்கு அஞ்சினார். அவ்வச்சத்தை நான் எள்ளவில்லை; எனக்கும் அது நேர்ந்ததுண்டு. அன்றிரவு அவரிடம் அரைமணி நேரம் பேசினேன். அப்பேச்சின் விரிவே இக்கட்டுரை.

ஆற்றுப்படை செய்த பணி

பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையுற்று எதிர்வரும் ஒருவனுக்கு, "நீயும் இவ்வழியே செல்க" என வழிகாட்டுவது அதன் இலக்கணம். அதனைப் புரவலனின் புகழ்ப்பாட்டு என்று மட்டும் கூறி நாம் தேர்வுக்கு விடை எழுதிவிடுகிறோம். செல்வோன் பக்கம் நின்று நோக்கினால் அது வேறொன்றாகத் தோன்றும். அவன் அறியாத நிலம், அறியாத மாந்தர், அறியாத உணவு. சென்று மீண்டவன் அவனுக்கு ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையைக் காண்க. இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு, எயினர் குடியில் புல்லரிசிச் சோறு கிடைக்கும் என்றும், கோவலர் குடியில் தினைச்சோறும் பாலும் பெறலாம் என்றும், உழவர் இல்லத்தில் வெண்சோற்றோடு கோழிப் பொரியல் உண்டு என்றும், மறையவர் மனையில் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் வரும் என்றும் நிரல்பட உரைக்கப்படுகிறது. ஓர் ஊர்வழியின் முழு உணவுப்பட்டியல் இது. இதனைக் கேட்டபின் அப்பாணன் எந்த வாயிலிலும் தயங்கி நில்லான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் முன் அமர்ந்த பொருநன், ஊன் தின்று தின்று தன் பற்கள் கொல்லை உழுத கொழுப்போல் மழுங்கின என்கிறான். உண்டவன் வெட்கமின்றிச் சொல்கிறான் என்பதே இங்கு எனக்குப் பிடித்த செய்தி.

நம் மாணவர்க்கு இன்று இல்லாதது இந்த ஆற்றுப்படையே. நகரத்துப் பிள்ளைகளுக்குத் தந்தையும் தமையனும் அதனைச் செய்துவிடுகின்றனர். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அதனைச் செய்வார் இலர்.

ஆசாரக்கோவை: கொள்வனவும் தள்ளுவனவும்

உண்ணும் முறையை நேரே கூறும் நூல் பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த இந்நூல் நின்றுகொண்டோ கிடந்தோ கட்டில்மேல் இருந்தோ உண்ணலாகாது என்கிறது. விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளை ஆகியோர்க்கு ஊட்டாமல் உண்ணுதல் கூடாது என்கிறது. மூத்தோருடன் இருந்து உண்கையில் அவர்க்கு முன் தொடங்குதலும் அவர்க்கு முன் எழுதலும் பிழை என்கிறது. இவற்றுள் இறுதியில் கூறியது இன்றைய ஐந்து விண்மீன் ஓட்டலிலும் அப்படியே செல்லும். மேசையில் மூத்தவர் தொடங்கிய பின்னரே தொடங்குதல் உலகெங்கும் மரபு. இதனை நம் மாணவர் எவரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வாப்பா உட்காருமுன் சோற்றில் கைவைத்து அடிவாங்காத பிள்ளை நம் தெருவில் யார்?

இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் ஏனையவற்றை இடையிலும் உண்க என்றும் அந்நூல் கூறும். நம் திருமண இலையில் இனிப்பு முதலில் வந்து விழுவது இதனோடு ஒத்துச் செல்கிறது. மேலைநாட்டு முறையோ இனிப்பை இறுதிக்குக் கொண்டுபோகிறது. அங்கே முதலில் வருவது சூப், பின் தொடக்கச் சிற்றுணவு, பின் முதன்மை உணவு, இறுதியில் இனிப்பு. நம் இலையில் அனைத்தும் ஒருசேர வந்து அமரும். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐரோப்பாவிலும் முன்னாளில் பல கலங்களை ஒருசேரப் பரப்பி வைப்பதே வழக்கம். ஒவ்வொன்றாய்ப் பரிமாறும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருசியரிடமிருந்து அங்குப் பரவியது. எனவே முதலில் வந்த கிண்ணத்தையே முழு உணவென எண்ணி வயிற்றை நிரப்பிவிடுதல் அறியாமையன்று, இலைப் பழக்கம்.

ஆசாரக்கோவையில் நான் தள்ளுவதும் ஒன்றுண்டு. உண்ணுங்கால் பேசாதே, வேறெதனையும் நோக்காதே என்கிறது அந்நூல். அலுவலக விருந்தில் அவ்வாறு இருப்பின் நம்மைச் செருக்கர் என்பர். அங்கு உணவு இரண்டாவது, உரையாடலே முதலாவது. வாயில் உணவிருக்கும்போது பேசாமல் இருத்தல் போதும்.

வலமிருந்து இடமாகப் படித்த பட்டியல்

ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்ற புதிதில் கருத்தரங்கு ஒன்றிற்காகப் பெங்களூரு சென்றிருந்தேன். மாலையில் பேராசிரியர் சிலர் என்னையும் உணவகத்திற்கு அழைத்துச் சென்றனர். அவரவர்க்கு அவரவர் பணம் என்று நானே எண்ணிக்கொண்டேன்; சட்டைப்பையில் இருந்தது ஊர் திரும்பும் செலவுக்கு மட்டும். அட்டை கைக்கு வந்தது. அரபு ஓதுபவன்போல் அதனை வலமிருந்து இடமாகப் படித்தேன். அதாவது விலையை முதலிலும் பெயரைப் பின்னரும் பார்த்தேன். மிகக் குறைந்த விலையில் 'கிரீன் சாலட்' என்றிருந்தது. அதையே சொன்னேன். வெள்ளரியும் வெங்காயமும் தக்காளியும் வட்டம் வட்டமாக அரிந்து வந்தன. ஏனையோர் பிரியாணி உண்ண, நான் மெல்ல மெல்ல வெள்ளரி தின்றேன். "உடல்நலம் கருதியோ?" என்று ஒருவர் கேட்டார், ஆம் என்றேன். இறுதியில் அழைத்தவரே அனைவர்க்கும் பணம் செலுத்தினார். அன்றிரவு பேருந்து நிலையத்தில் நான்கு இட்டலி உண்ட பின்னரே எனக்குக் கண் தெரிந்தது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே. அட்டையை மூடிவைத்து, "இங்கு எது நன்றாக இருக்கும்?" என்று அழைத்தவரையோ பரிமாறுபவரையோ கேட்டிருக்கலாம். மெனு என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறியது, நுணுக்கமானது என்பது மூலப்பொருள். நுணுக்கப்பட்டியலை விளக்குவது உணவகத்தாரின் பணி. ஒருவர் அழைத்துச் சென்றால் அழைத்தவரே செலவு ஏற்பது பொது வழக்கு. அவர் எதைச் சொல்கிறாரோ அதன் விலையை ஒட்டி நாமும் சொல்லலாம். மிக மலிந்ததும் வேண்டா, மிக உயர்ந்ததும் வேண்டா.

அடுப்படிச் சொற்கள்

பட்டியலில் அச்சுறுத்துவன பெயர்களே. ஆயின் அவற்றுட் பல நம் இல்லங்களில் வழங்குவன. கீமா என்பது கொத்திய இறைச்சி, ஷோர்பா என்பது சாறு, மலாய் என்பது பாலேடு, தோ பியாசா என்பது வெங்காயம் மிகச் சேர்ந்த கறி, ஆலு உருளைக்கிழங்கு, பாலக் பசலை போன்றதொரு கீரை, தம் என்பது கலத்தின் வாயை மூடி ஆவியிலேயே வேகவிடும் முறை. உருதுவும் பாரசீகமும் தந்த இச்சொற்களை நம் மாணவருள் உருது பேசும் இல்லத்தார் அடுப்படியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். ஆம்பூர்ப் பிரியாணியையும் அதனோடு வரும் எண்ணெய்க் கத்தரிக்காயையும் அறியாதார் இவ்வட்டாரத்தில் உண்டோ? தட்டு கண்ணாடியாய் மாறியவுடன் அதே பிரியாணி நமக்கு அயலாகிவிடுவது விந்தையே.

கன்னடப் பெயர்களும் அவ்வாறே. தமிழ்ச் சொல் முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிவதை மொழிநூல் வகுப்பில் படித்திருக்கிறோம்: பால் ஹாலு, பத்து ஹத்து. அவ்விதியை உணவகத்திற்கும் எடுத்துச் செல்லுங்கள். ஹுளி என்றால் புளி. அங்கே அது நம் சாம்பாருக்கு உறவு. சாரு என்பது நம் இரசம். பல்ய என்பது பொரியல். மொசரு தயிர், மஜ்ஜிகெ மோர், இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டுவிட்டு விழித்தவர் பலர். ஊட்ட என்றால் முழுச்சாப்பாடு, திண்டி என்றால் சிற்றுண்டி. 'பை-டூ காப்பி' என்றால் ஒரு காப்பியை இருவர்க்குப் பிரித்துத் தருவர். அப்படிக் கேட்பதைப் பெங்களூரில் எவரும் இழிவாக எண்ணுவதில்லை. முத்தெ என்பது நம் கேழ்வரகுக் களியேதான்.

மஞ்சூரியன் என்ற பெயரைக் கண்டு சீன நாட்டை நினைக்க வேண்டா. அது 1970களில் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் உருவாக்கியது என்பர். அதன் காலிஃபிளவர் வடிவம் கோபி மஞ்சூரியன். அதில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைக் கருநாடக அரசு 2024 மார்ச்சில் தடைசெய்தது. சிக்கன் 65க்கும் ஒரு கதை உண்டு. ஏ.எம். புகாரி அவர்கள் 1951இல் சென்னை அண்ணா சாலையில் தொடங்கிய உணவகத்தில் 1965ஆம் ஆண்டு பட்டியலில் ஏறியதால் அப்பெயர் வந்தது என்று அவ்வுணவகத்தார் கூறுவர். அறுபத்தைந்து மிளகாய் என்றும், பட்டியலில் அறுபத்தைந்தாம் வரிசை என்றும் சொல்வோரும் உளர். நாள்தோறும் உண்போரே பெயரின் பொருளை அறியாதபோது, புதியவர் ஒருவர் "இது என்ன?" என்று கேட்பதில் நாணம் எதற்கு?

நம்மவர் கேட்க வேண்டிய வினா இன்னொன்றும் உண்டு. இறைச்சி ஹலாலா, இனிப்பில் ரம் கலந்துள்ளதா, கறியில் வைன் ஊற்றப்பட்டுள்ளதா என்பதை உணவைச் சொல்லுமுன் பரிமாறுபவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டுவிடலாம். உணவு வந்தபின் முகம் சுளிப்பதினும் அது நன்று. மரக்கறி உண்ணும் நம் நண்பர்க்கும் இதே இக்கட்டு உண்டு. காய்கறி சூப்பில் கோழிச்சாறும், தாய்லாந்து உணவில் மீன் சாஸும் மறைந்திருக்கக்கூடும். ஐயம் தீராவிடில் வேறொன்றைக் கேட்டு உண்ணலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வுணவையும் குறைகூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. மேசையில் அமர்ந்தோர் உண்ணும் உணவைப் பழிக்காமல் நம் நெறியை நாம் காத்துக்கொள்ள இதனினும் நயமான வழி வேறில்லை.

வலக்கையும் முள்கரண்டியும்

மாணவர் பெரிதும் கேட்பது இது: "ஐயா, முள்கரண்டியை இடக்கையில் பிடிக்கச் சொல்கிறார்களே, இடக்கையால் எப்படி உண்பது?" ஆங்கிலேயர் வழக்கில் கத்தி வலக்கையிலும் முள்கரண்டி இடக்கையிலும் இறுதிவரை இருக்கும். அமெரிக்கர் பலரோ முதலில் துண்டாக்கிக்கொண்டு, கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றி உண்பர். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. நமக்கு இரண்டாவது முறை முற்றும் பொருந்தும். பல கரண்டிகள் இருப்பின் வெளிப்புறத்தில் உள்ளதிலிருந்து தொடங்கி உள்நோக்கி வருதல் வேண்டும். இடப்பக்கத்து ரொட்டித் தட்டு நமக்கு. வலப்பக்கத்து நீர்க்குவளை நமக்கு. உண்டு முடித்தபின் கத்தியையும் முள்கரண்டியையும் இணையாகச் சேர்த்து வைத்தால் தட்டை எடுத்துச் செல்வர்; பிரித்து வைத்தால் இன்னும் உண்கிறோம் என்று பொருள். நம் இலையை நம் பக்கமாக மடிப்பதும் ஒரு குறிமொழியே. இது அவர்தம் குறிமொழி. ரொட்டியையும் நானையும் கையால் பிய்த்து உண்பதே முறை. அவற்றைக் கத்தியால் அறுக்க முயல்வோரைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். பிரியாணியைக் கையால் உண்பதும் நம் நாட்டு உணவகம் எதிலும் குற்றமாகாது.

பொதுக்கலத்தில் வைத்துப் பகிர்ந்துண்ணும் சீன முறை உணவகங்களில் சிலர் திகைப்பர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹன் விருந்து உண்டவர்க்கு அதில் திகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெருந்தட்டைச் சூழ்ந்து சிலர் அமர்ந்து, அவரவர்க்கு எதிரே உள்ளதை மட்டும் உண்பது சஹன் ஒழுக்கம். இறைவன் பெயரைக் கூறி, வலக்கையால், உனக்கு அருகிலுள்ளதை உண் என்று பெருமானார் (ஸல்) ஒரு சிறுவருக்குக் கற்பித்ததன் வழிவந்தது அது. எட்டி எடுக்காமை, பிறர் பங்கை நோக்காமை, பொதுக்கரண்டியைத் தன் தட்டில் விட்டுவிடாமை என இத்துணையே சீன மேசையும் வேண்டுவது.

கதவு திறந்த வரலாறு

உணவகத்து வாயிலில் தோன்றும் தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதனைத் தனிமனிதக் குறையாக எண்ணுதல் தவறு. காப்பிக் கடைகளிலும் உணவகங்களிலும் பிராமணர்க்குத் தனியிடம் இருந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் பொறிப்பதை எதிர்த்துப் பெரியார் 1957இல் சென்னையில் போராட்டம் நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் இரட்டைக்குவளை முறை அதன் பின்னரும் நீடித்ததை நாம் அறிவோம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டிக் கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஒருவரையும் தடுத்தலாகாது என்று வெளிப்படையாகவே உரைக்கிறது. நாட்டின் அடிப்படைச் சட்டம் உணவகத்தின் பெயரைச் சொல்லி நமக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதை எத்தனை மாணவர் அறிவர்? பாலும் அங்கே கூறப்பட்டுள்ளமையின், 'குடும்ப அறை' இருந்தால்தான் பெண்கள் நுழையலாம் என்றெண்ணித் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

கட்டணச் சீட்டிலும் உரிமை உண்டு. உணவக உணவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி பொதுவாக 5 விழுக்காடு. மிக உயர்ந்த அறை வாடகை பெறும் ஓட்டல்களில் 18 விழுக்காடு. சேவைக் கட்டணம் என்பது வரியன்று. அதனைச் சீட்டில் தாமாகவே சேர்த்தல் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதிசெய்தது. சேர்த்திருப்பின் நீக்குமாறு பணிவோடு கேட்கலாம். மறுத்தால் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண் உண்டு. பரிமாறியவர்க்கு மனமுவந்து தருவது வேறு. அதனை நான் தவறாமல் தருகிறேன். என் தந்தையார் கல்லாவியில் தேநீர்க்கடை நடத்தியவர், குவளை கழுவும் கையின் அருமை எனக்குத் தெரியும்.

இவற்றுட் பாதியைத்தான் அன்றிரவு அம்மாணவியிடம் சொல்ல முடிந்தது. "கேட்டால் சிரிப்பாங்களே, ஐயா" என்பதையே அவர் திரும்பத் திரும்பக் கூறினார். "ஒரே ஒரு கேள்வி கேள் அம்மா; சிரித்தால் மறுநாள் என்னைத் திட்டு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் அழைப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. அட்டையை வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டு, பரிமாறுபவரிடம் தமிழிலேயே கேட்டிருக்கிறார். அவர் தமிழிலேயே விடை சொல்லியிருக்கிறார். முள்கரண்டியைத் தொடவில்லையாம். எதிரே அமர்ந்திருந்த வடநாட்டுப் பயிற்சியாளர், ஊர் உணவை உண்ணும் ஆசையில் முத்தெயும் சாரும் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அவரு அதைப் போட்டு மென்னுக்கிட்டே இருந்தாரு, ஐயா. பல்லுல எல்லாம் ஒட்டிக்கிச்சு. களியை மெல்லக் கூடாது சார், சாத்துல தோய்ச்சு அப்படியே விழுங்கணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"பிறகு?"

"இன்னொரு உருண்டை கேட்டாரு."